செம்பருத்தியும் அரக்குப் பட்டும்

தங்கை மகளுக்குக் கல்யாணம் என்றால் தாய்மாமன் எந்தச் செலவிலிருந்து தப்பினாலும் புடவைச் செலவிலிருந்து தப்ப முடியாது. "அரக்குக் கலர்தான் வேணும் மாமா, பச்சை பார்டர் போட்டு" என்று மணப்பெண் உத்தரவு பிறப்பித்துவிட்டாள். கடைக்குப் போய் நூறு புடவைகளைப் பிரித்துப் போடச் சொல்லி, நூற்றோராவது புடவையை வாங்கும் பொறுமை எனக்குக் கிடையாது. தறியிலேயே சொல்லி வாங்கிவிடலாம் என்று சென்ற தை மாதம் ஆரணிக்குப் பஸ் ஏறினேன்.

ஆரணியை அநேகர் இரண்டு காரணங்களுக்காக அறிவார்கள். ஒன்று பட்டு, இன்னொன்று அரிசி. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரில் நெசவாளர் வீதி ஒன்றுக்குள் நுழைந்துவிட்டால் நாடா ஓடும் சப்தம் வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டே வரும். நான் போன வீட்டில் முன்கட்டில் இரண்டு குழித்தறிகள். வெளியே குறுகலான திண்ணை. அந்தத் திண்ணை ஓரமாகப் பழைய மண்தொட்டியிலும், பெயிண்ட் டப்பாவிலும், ஓட்டைக் குடத்திலும் செடிகள் வைத்திருந்தார்கள். ஒரு துளசி, இரண்டு குரோட்டன்ஸ், ஒரு செம்பருத்தி.

செம்பருத்திக்கு எதிரே ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு நெசவாளியின் தாயார் உட்கார்ந்திருந்தாள். எழுபது வயசுக்கு மேலிருக்கும். பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் சோப்புத் தண்ணீர். செடியின் கொழுந்துகள் எல்லாம் சுருண்டு, கணுக்களில் வெள்ளை வெளேரென்று பஞ்சு வைத்தாற்போல் பூச்சி அப்பியிருந்தது. மாவுப்பூச்சி என்போமே, அதுதான். தொட்டிச் செடி வைத்திருக்கும் எந்த வீட்டுக்காரருக்கும் இந்த விருந்தாளியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்த அம்மாள் ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டிருந்தாள். சிலதை விரலாலேயே நசுக்கினாள்.

"இதைப் பாருங்க தம்பி" என்று கட்டை விரலை என்னிடம் நீட்டினாள். நகத்தோரத்தில் இளஞ்சிவப்பாக ஈரம். "மேலே பார்த்தா மாவு. நசுக்கினா செவப்பு. இத்தனூண்டு பூச்சிக்கு ஏது தம்பி ரத்தம்?"

தறியிலிருந்தபடியே மகன் குரல் கொடுத்தான்: "சார், கார்த்திகை மாசம் மருந்து வாங்கியாந்து அடிச்சேன். பத்து நாள் சுத்தமா இருந்துது. அப்புறம் முன்னைக்கு ரெண்டு பங்கா வந்துட்டுது. பாட்டில்ல பாதி இன்னும் இருக்கு. அம்மாதான் தொடக்கூடாதுன்றாங்க."

"குழந்தை தவழற வீடு. பாவு இருக்கிற வீடு. விஷத்தைக் கொண்டாந்து திண்ணையிலே தெளிக்கிறானாம்!" என்றாள் அம்மாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க புஸ்தகம் எழுதறவராமே, நீங்க சொல்லுங்க, அந்தச் செவப்பு இன்னா?" என்று கேட்டாள்.

கல்லூரியில் இரண்டு வருஷம் பிராணி சாஸ்திரம் வாசித்தவன்தான் நான். தவளையைத் தவிர வேறொன்றும் நினைவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "பார்த்துச் சொல்கிறேன் அம்மா" என்றேன். புடவைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன். புடவை நெய்து முடிய மாதம் ஒன்று ஆகும். அதற்குள் அந்தக் கேள்வி என்னை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் நான் கண்ட விஷயம், பதில் என் பைக்குள்ளேயே இருந்தது என்பதுதான். அரக்குக் கலர் புடவை என்று குறித்துக்கொண்டு போனேனல்லவா? அரக்கு என்பது என்ன? மகாபாரதத்தில் துரியோதனன் பாண்டவர்களுக்குக் கட்டிக் கொடுத்தானே, அந்த மாளிகையின் அரக்குதான். புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளையில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் மேல் கக்கிக்கொள்ளும் பிசின் அது. அந்தப் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஒரு சிவப்பு இறங்கும். அது பூச்சியின் உடம்பிலிருந்து வருகிற சிவப்பு. படிகாரம் சேர்த்துப் பட்டில் ஏற்றினால் துவைத்தாலும் போகாது. இந்த நாட்டில் பட்டுக்கு அரக்குச் சாயம் ஏற்றுவது நெடுங்காலத்து வழக்கம். சாயப்பட்டறைகளில் அந்தப் பூச்சி மறைந்து வெகுகாலமாகிவிட்டது. நிறத்துக்கு அதன் பெயர் மட்டும் நின்றுவிட்டது. இப்போது புடவைக் கடையில் "அரக்கு காட்டுங்க" என்று கேட்கிற பெண்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் ஒரு பூச்சியின் பெயரைச் சொல்கிறோம் என்று தெரியும்?

அந்த அரக்குப் பூச்சியும் திண்ணைச் செம்பருத்தியின் மாவுப்பூச்சியும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றுவிட்ட பங்காளிகள். செடியில் ஊசிபோல் வாயைச் செருகி உட்கார்ந்து, மேலே மெழுகோ மாவோ பிசினோ போர்த்திக்கொண்டு, ஆயுள் முழுவதும் சாறு உறிஞ்சுவதே குலத்தொழில். பங்காளிகளில் ஒருவன் ராஜசபையில் இருப்பதும் இன்னொருவன் தெருவில் உதைபடுவதும் நம் வீடுகளில் இல்லாததா?

மூன்றாவது பங்காளி ஒருவன் உண்டு. அவன் கதைதான் சரித்திரப் புஸ்தகத்தில் ஏறியது. பெயர் கொச்சினீல். மெக்ஸிகோ தேசத்தில் சப்பாத்திக் கள்ளியில் வளர்கிறவன். வெளியே வெள்ளை மாவு, உள்ளே கண்ணைப் பறிக்கும் செக்கச் சிவப்பு. உலர்த்திய பூச்சி ஒரு ராத்தல் வேண்டுமானால் சுமார் 70,000 பூச்சிகளைச் சேர்க்க வேண்டும். ஸ்பெயின் தேசத்தார் மெக்ஸிகோவைப் பிடித்ததிலிருந்து இந்தச் சிவப்பைத் தங்கள் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். 1777இல் மேனோன்வீல் என்ற பிரெஞ்சுக்காரர் உயிருக்குத் துணிந்து மெக்ஸிகோவுக்குள் நுழைந்து, பூச்சியோடு கள்ளியைத் திருடிக்கொண்டு வந்தார் என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரணிக்கும் இந்தச் சிவப்புக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. 1751இல் ராபர்ட் கிளைவ் ஆரணியில் ஒரு சண்டை போட்டான். 1782 ஜூன் மாதத்தில் ஹைதர் அலியின் சேனையும் ஸர் ஐர் கூட்டின் சேனையும் இதே ஊரருகில் மோதின. யாருக்கும் முழு ஜயமில்லாமல் அந்தச் சண்டை முடிந்தது. அந்தக் காலத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்களின் சிவப்புக் கோட்டுக்கு மஞ்சிட்டிக் குடும்பத்து வேரிலிருந்து எடுத்த மலிவான சாயம். அதிகாரிகளின் உயர்ந்த கோட்டுக்கோ கொச்சினீல் சாயம். அதாவது, எந்த ஸ்பெயினோடு 1779 முதல் இங்கிலாந்து யுத்தம் செய்துகொண்டிருந்ததோ, அந்த ஸ்பெயினின் பூச்சியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் அதிகாரிகள் ஆரணி வயல்களில் குதிரையேறி நின்றார்கள்!

அப்போது சென்னைப் பட்டணத்தில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்ஸன் என்று ஒரு துரை இருந்தார். கம்பெனியின் வைத்தியர்; பிற்காலத்தில் வைத்தியர்களுக்கெல்லாம் தலைவர். நுங்கம்பாக்கத்தில் பெரிய தோட்டம் போட்டிருந்தார். அங்கே ஆண்டர்ஸன் ரோடு என்பது அவர் ஞாபகம்தான். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் செடியும் பூச்சியும் கடிதமுமாகவே வாழ்ந்த மனிதர். 1786இல் சென்னைக்கு அருகில் ஒருவகைப் புல்லில் சிவப்புச் சாறுள்ள பூச்சி ஒன்றை அவர் கண்டார். அவருக்குத் தூக்கம் போய்விட்டது. 'கொச்சினீல் கிடைத்துவிட்டது' என்று லண்டனிலிருந்த ஸர் ஜோஸப் பாங்க்ஸுக்குக் கடிதத்தின் மேல் கடிதம் எழுதினார். எழுதியதையெல்லாம் அச்சிட்டும் வெளியிட்டார். நம் அம்மாளைப்போலவே அவரும் விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

பூச்சி அதுவல்ல என்று தெரிந்துபோயிற்று. ஆனாலும் ஆசை விடவில்லை. கியூ தோட்டத்திலிருந்து உயர்ந்த ஜாதிக் கள்ளி வரவழைத்து, சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்றே போட்டு, ஆண்டர்ஸனின் மருமான் டாக்டர் பெர்ரியின் பொறுப்பில் வைத்தார்கள். இலை தயார், பந்தி தயார், விருந்தாளிதான் வரவில்லை. 1795இல் நீல்ஸன் என்ற காப்டன் பிரேஸில் தேசத்திலிருந்து உயிருள்ள பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து சென்னைக்கும் வந்தன. துரைமார்கள் சந்தோஷப்பட்டார்கள். பாவம், வந்தவன் நல்ல ஜாதிக் கொச்சினீல் அல்ல, காட்டு ஜாதி. சாயம் மட்டம். சீமையிலிருந்து கொண்டுவந்த கள்ளியைவிட வேலி ஓரத்து நாட்டுக் கள்ளியே அவனுக்கு ருசித்தது. தின்று தீர்த்தான்.

ஆண்டர்ஸன் சாயத்தோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முசுக்கொட்டைக் கன்றுகளை ஊர் ஊராக அனுப்பி, வங்காளத்துப் பட்டுப்புழுவை இங்கே வளர்க்கவும் பாடுபட்டார். அதுவும் நிலைக்கவில்லை. 1809இல் அவர் காலமானார். செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சான்ட்ரி என்ற பெரிய சிற்பி செதுக்கிய அவருடைய சிலை இருக்கிறது. தோற்ற மனிதர் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கென்னவோ அவரைப் பிடித்திருக்கிறது.

ஏனென்றால், சாயத்துக்காக வந்த அந்தப் பூச்சி வேறு ஒரு காரியத்தைச் செய்து காட்டிவிட்டது. அது போன இடத்தில் கள்ளி பட்டுப்போயிற்று. அதைக் கவனித்து, 1836 முதல் 1838 வரை வடக்கேயிருந்து தென்னாட்டுக்கு அதைக் கொண்டுவந்து வேண்டுமென்றே கள்ளிப் புதர்களில் விட்டார்கள். வேண்டாத செடியைப் பூச்சியைக் கொண்டு ஒழித்த காரியங்களில் இதுவே உலகத்தில் முதல் என்று சொல்கிறார்கள். பிறகு மஞ்சள் பூப் பூக்கும் இன்னொரு சப்பாத்திக் கள்ளி ஊரையெல்லாம் அடைத்துக்கொண்டது. பழைய பூச்சி அதைத் தொட மறுத்தது. 1926இல் இலங்கையிலிருந்து அதே குடும்பத்து வேறொரு பூச்சியைத் தருவித்தார்கள். சில வருஷங்களில் தென்னாட்டில் சுமார் ஒரு லட்சம் ஏக்கர் கள்ளி அழுகி விழுந்தது. மனிதன் வெட்டியும் கொளுத்தியும் முடியாததை, நகத்தில் நசுக்கினால் சிவப்பாக வருகிற பூச்சி முடித்தது.

சாயத்தின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1856இல் பெர்க்கின் என்ற பதினெட்டு வயசுப் பையன் லண்டனில், மலேரியாவுக்கு மருந்து செய்யப் போய், தார்க் கழிவிலிருந்து ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தான். அவ்வளவுதான். பின்னால் வந்த ரசாயனச் சாயங்கள் எல்லாப் பூச்சிகளையும் வேலையிலிருந்து நீக்கிவிட்டன. கொச்சினீல் மட்டும் இப்போது மிட்டாயிலும் உதட்டுச் சாயத்திலும் ஒளிந்து பிழைத்துக்கொண்டிருக்கிறது. சைவ உணவுக்காரர்கள் டப்பாவில் 'இ 120' என்று போட்டிருந்தால் யோசித்து வாங்கட்டும்.

பூச்சி செடியைக் கொன்றது சரி. செடியைக் கொல்லும் பூச்சியை யார் கொல்வது? செம்பருத்தி அம்மாளின் கவலை அதுதானே?

கலிபோர்னியாவில் இந்தக் கேள்வி 1880களில் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பஞ்சுச் செதில்பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களை வெள்ளையடித்தாற்போல் மூடிவிட்டது. எண்ணெய் அடித்தார்கள், புகை போட்டார்கள், மரத்தையே வெட்டினார்கள். கடைசியில் கோபெலே என்பவர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிப் போய், அந்தப் பூச்சியைத் தின்னும் சிவப்புப் பொறிவண்டுகளைப் பிடித்து அனுப்பினார். முதலில் போய்ச் சேர்ந்தவை 129 வண்டுகள். 1889 முடிவதற்குள் தோட்டங்கள் பிழைத்துவிட்டன. நம் நாட்டுக்கும் 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வேறொரு பொறிவண்டு வந்தது. காப்பித் தோட்டத்துப் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க என்று கொண்டுவந்தார்கள். அதை அது லட்சியம் செய்யவில்லை. மாவுப்பூச்சியைத் தின்றுகொண்டு இங்கேயே குடியேறிவிட்டது.

பிறகு இரண்டாவது யுத்தம் வந்தது, டி.டி.டி. வந்தது. அதன் பூச்சிக்கொல்லிக் குணத்தைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கலிபோர்னியாத் தோட்டக்காரர்களும் உற்சாகமாகத் தெளித்தார்கள். அறுபது வருஷமாக அடங்கிக் கிடந்த பஞ்சுப் பூச்சி மறுபடி பொங்கி எழுந்தது! காரணம், மருந்தில் முதலில் செத்தது பொறிவண்டு. பஞ்சுப் பூச்சி போர்வைக்குள் பத்திரமாக இருந்தது. ஆரணித் திண்ணையில் கார்த்திகை மாதம் அடித்த மருந்துக்குப் பிறகு பூச்சி 'ரெண்டு பங்காக' வந்த கதையும் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

இதில் பட்டுக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அம்மாளின் செம்பருத்தியில் இருந்த இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி முசுக்கொட்டைக்கும் பரம எதிரி. அது பற்றினால் கொழுந்து சுருண்டு முடிச்சாகிவிடும். துக்ரா என்று சொல்வார்கள். மற்றப் பயிராக இருந்தால் மருந்தை அடித்துவிட்டுக் கையைக் கழுவிவிடலாம். முசுக்கொட்டை இலையைத் தின்பதோ பட்டுப்புழு. இலையில் மருந்து மிச்சமிருந்தால் மாவுப்பூச்சியோடு பட்டுப்புழுவும் சாகும். எதிரியும் சோறு போடுகிறவனும் ஒரே தட்டில் சாப்பிடும்போது அந்தத் தட்டில் எப்படி விஷம் வைப்பது?

2008இல் இது பெரிய ஆபத்தாகவே வந்துவிட்டது. மெக்ஸிகோ பக்கத்திலிருந்து வந்த பப்பாளி மாவுப்பூச்சியைக் கோயம்புத்தூரில் முதலில் கண்டார்கள். பப்பாளி, மரவள்ளி, செம்பருத்தி, முசுக்கொட்டை என்று ஒன்றையும் அது விடவில்லை. கொங்கு நாட்டில் பட்டு வளர்த்த விவசாயிகள் மருந்து அடித்து அலுத்து, வளர்த்த முசுக்கொட்டையை வேரோடு பிடுங்கினார்கள். ஆரணித் தறிகளுக்கு வரும் நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது என்றாலும், எங்கே இலை குறைந்தாலும் நூல் விலை தறிக்காரன் தலையில்தான் ஏறும். 2010இல் பெங்களூரிலுள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தார் அமெரிக்க விவசாய இலாகாவின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஜாதிக் குளவிகளைத் தருவித்தார்கள். குளவி என்றதும் பயப்பட வேண்டாம். கண்ணுக்குத் தூசிபோல் தெரிகிறவை. கடுகில் பாதிகூட இல்லை. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளேயிருந்து தின்று வெளியே வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார் அவற்றைப் பெருக்கி ஊர் ஊராக விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிற்று. பத்திரிகைகளில் ஏதோ மூலையில் செய்தி வந்தது. குளவிக்கு யாரும் சிலை வைக்கவில்லை. வைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

மாசி மாதம் புடவை தயாராகிவிட்டதென்று போன் வந்தது. ஒரு பூதக்கண்ணாடியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அம்மாள் அதே பலகையில், அதே கொட்டாங்கச்சியுடன் உட்கார்ந்திருந்தாள். சிவப்பின் கதையைச் சொன்னேன். இந்தப் பூச்சியின் சிவப்பு சாயத்துக்கு உதவாது, ஆனால் இதன் பங்காளியின் பெயரைத்தான் அரக்குப் புடவைக்கு வைத்திருக்கிறோம் என்று சொன்னபோது, அவள் தறியில் இருந்த புடவையையும் தன் நகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நம்ம தொழிலே புழுவைக் கொதிக்க வெச்ச தொழில்தான் தம்பி" என்றாள். "சாயமும் அப்படித்தான்னு தெரியாம இருந்துது."

தொட்டியின் விளிம்பில் எறும்புச் சாரி ஏறிக்கொண்டிருந்தது. மாவுப்பூச்சி கழிக்கும் தித்திப்புக்காக எறும்பு அதை மாடு மேய்ப்பதுபோல் மேய்க்கும். பொறிவண்டை நெருங்க விடாமல் விரட்டும். பால் பாத்திரத்தை வைக்கிறோமே, அதுபோல் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைக்கச் சொன்னேன். மகன் உடனே எழுந்துபோய் ஒரு பழைய பித்தளைத் தாம்பாளம் கொண்டுவந்தான்.

பிறகு பூதக்கண்ணாடியை வைத்துக் கொழுந்தைப் பார்த்தேன். மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அதே வெள்ளையில், ஆனால் இரண்டு பங்கு பெரிதாக, உடம்பெல்லாம் மெழுகு இழை தொங்க ஒன்று விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. மாவுப்பூச்சி இப்படி ஓடாது. இது பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாக்காரனோ அவனுக்கு நாட்டு உறவோ, அதைச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மாவுப்பூச்சியைப் பிடித்து உறிஞ்ச ஆரம்பித்தது. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் மாவுப்பூச்சி வேஷம் போட்டுக்கொண்டு புகுந்திருக்கிறது.

கண்ணாடியை அம்மாளிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுவா தின்னுது?"

"ஆமாம் அம்மா. இது ஒன்றே நூற்றுக்கணக்கில் தின்னும்."

அவள் முகம் மாறிவிட்டது. "ஐயோ, பெரிசு பெரிசா இருக்கிறதைத்தானே தம்பி நான் தினமும் மொதல்ல பொறுக்கிப் போட்டேன்! இதுதான் தாய்ப் பூச்சின்னு நெனச்சேன்."

கொட்டாங்கச்சியை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் மிதந்தவற்றுள் ஐந்தாறு பெரியவை இருந்தன. விரல் நுனியால் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்று மட்டும் கால்களை அசைத்தது. அதை ஒரு துளசி இலையில் ஏற்றி, வெயில் படும் இடமாகப் பார்த்துத் திண்ணையில் வைத்தாள். மெழுகு இழைகள் தண்ணீரில் ஒட்டிப்போய் அது பார்க்க அலங்கோலமாக இருந்தது.

மகன் புடவையை மடித்துக்கொண்டு வந்தான். அரக்கு நிறம், பச்சை பார்டர். நான் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து, "அந்த மருந்து பாட்டிலை இன்னா பண்றது?" என்று கேட்டான். அம்மாள் பதில் சொல்லவில்லை. இலையை மெதுவாகச் செம்பருத்திக் கிளையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அது ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.